வண்ண நாடா சுற்றிய ஜப்பானிய வாள்: ஐந்து வழிகளில் எது உங்களுக்கு?

ஜப்பானிய வாள் ஒன்றை வீட்டில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் நிறத்தைப் பற்றித்தான். கைப்பிடியில் கருநீல நாடாவா, சிவப்பா, ஊதாவா? நியாயமான கேள்விதான். கட்டானா என்ற நீண்ட ஜப்பானிய வாளின் கைப்பிடியில் நாடா குறுக்கே மாறி மாறி ஓடும். நடுவில் சின்னச் சின்னச் சாய்சதுர இடைவெளிகள் விடும். அவற்றின் வழியே வெள்ளைத் திருக்கை மீன் தோல் எட்டிப் பார்க்கும். முழு வாளிலும் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான்.

ஆனாலும் நிறத்தைக் கடைசியாக முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். நாடாவை அவிழ்த்து வேறு நிறத்தில் சுற்றிக்கொள்ளலாம். அலகு என்ன உலோகம், கைப்பிடிக்குள் அது எவ்வளவு தூரம் போகிறது, உங்கள் ஊர்க் காற்றை அது எத்தனை நாள் தாங்கும் என்பவற்றை வாங்கிய பிறகு மாற்ற முடியாது. சந்தையில் ஐந்து வகையான பொருள்கள் கிட்டத்தட்ட ஒரே தோற்றத்தில் கிடைக்கின்றன. படத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விலையிலும் பராமரிப்பிலும் ஆபத்திலும் அவற்றுக்குள் பெரிய இடைவெளி இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

அலகு கேட்கும் வேலை. கார்பன் எஃகு துருப்பிடிக்கும். விரல் பட்ட இடத்தில் வியர்வையின் உப்பு தங்கி, சில நாளில் ரேகையே துருவாகப் பதிந்துவிடும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். எண்ணெய் பூசித் துடைக்கும் பழக்கம் வராது என்று தோன்றினால், துருப்பிடிக்கும் அலகை வாங்காதீர்கள்.

வாளை என்ன செய்யப் போகிறீர்கள். பார்ப்பதற்கு மட்டுமா, உறையிலிருந்து உருவிப் பயிற்சி செய்யவா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பட்டியல் விழுந்துவிடும்.

கைப்பிடிச் சுற்றின் தரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல கைப்பிடியின் உள்ளே ஹோனோகி என்ற மக்னோலியா வகை மரத்தின் இரண்டு பாதிகள் ஒட்டப்பட்டிருக்கும். அதன்மேல் திருக்கைத் தோல், அதன்மேல் நாடா. நாடா குறுக்கிடும் ஒவ்வொரு இடத்திலும், அடியில் முக்கோணமாக மடித்த சிறு காகிதத் துண்டுகளைச் செருகுவார்கள். வெளியே தெரியாத இந்தக் காகிதங்கள்தான் நாடாவின் விளிம்பைத் தூக்கி நிறுத்திச் சாய்சதுரத்துக்கு வடிவம் தருகின்றன. ஒரு குறுக்கீட்டில் இடது நாடா மேலே போனால், அடுத்ததில் வலது நாடா மேலே போகும். இப்படி மாறி மாறிப் போவதால் ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கம் இறுக்கிப் பிடிக்கும். ஒரு கட்டானாவுக்குச் சுமார் 4 மீட்டர் நாடா பிடிக்கும். அகலம் பொதுவாக 8 முதல் 12 மில்லிமீட்டர்.

மலிவான வாளில் காகிதம் இருக்காது. குறுக்கீடுகள் மாறி மாறி வராமல் ஒரே பக்கமாகவே அடுக்கப்பட்டிருக்கும். திருக்கைத் தோலுக்குப் பதில் புள்ளி அச்சிட்ட பிளாஸ்டிக் இருக்கும். சோதிப்பது எளிது. கட்டை விரலால் ஒரு குறுக்கீட்டை அழுத்தி நெட்டுவாக்கில் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அந்தச் சுற்று அலங்காரத்துக்கு மட்டும்தான். அப்புறம் சாய்சதுரங்களை மேலிருந்து கீழே வரிசையாகப் பாருங்கள். நல்ல கையில் சுற்றியது என்றால் எல்லாம் ஒரே அளவில், இரண்டு பக்கமும் நேர்க்கோட்டில் நிற்கும்.

சட்டம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் வாளைத் தனி வகையாகவே வைத்திருக்கின்றன. வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கு அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகள் அந்த வகையில் வருகின்றன. வைத்திருப்பதற்கான கட்டுப்பாடு பகுதிவாரி அறிவிக்கையைப் பொறுத்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதற்கு உரிமம் என்ற கேள்வி தனியாக எழும். பிரிட்டனில் 2008 முதல் 50 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள வளைந்த வாள்களை விற்கவும் இறக்குமதி செய்யவும் தடை உண்டு. 1954-க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கும், மரபு முறையில் கையால் செய்யப்பட்டவற்றுக்கும் அதில் விலக்கு இருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன்பே உள்ளூர்க் காவல் நிலையத்திலும் சுங்கத் துறையிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். 'மழுங்கல்தான்' என்று விற்பனையாளர் சொல்வது சுங்கத் துறையிடம் எடுபடாமல் போகலாம்.

மறைந்த செலவு. அனுப்பும் கட்டணம், வரி, தாங்கி, எண்ணெய், பூட்டிவைக்கும் இடம், ஒரு நாள் நாடாவைப் புதிதாகச் சுற்றக் கொடுக்கும் மறுசுற்று. இவற்றைச் சேர்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

## ஒரே பார்வையில்

விலைகள் தோராயமானவை. வரியும் அனுப்பும் செலவும் இதில் சேரவில்லை.

| வகை | விலை | அலகு | கைப்பிடிச் சுற்று | பராமரிப்பு | பொருத்தமானவர் |
|---|---|---|---|---|---|
| சுவர் அலங்கார வாள் | 30–100 டாலர் | துருப்பிடிக்காத எஃகு | ஒட்டிய செயற்கை நாடா, பிளாஸ்டிக் தோல் | மிகக் குறைவு | பார்க்க மட்டும், தற்காலிகமாக |
| இயாய்தோ (பயிற்சி வாள்) | 40,000 யென்னிலிருந்து | துத்தநாக-அலுமினியக் கலவை | நல்ல சுற்று, நிறம் தேர்ந்தெடுக்கலாம் | குறைவு | பயிற்சி, நீண்ட நாள் காட்சி |
| கார்பன் எஃகு வாள் | 150–500 டாலர் | 1060, 1095, டி10 எஃகு | கடைக்குக் கடை மாறும் | மாதந்தோறும் | வெட்டுப் பயிற்சி செய்கிறவர் |
| பழைய ஜப்பானிய வாள் | சில லட்சம் யென்னிலிருந்து | தமஹகனே எஃகு | பழைய பட்டு, மென்மையானது | தொடர்ந்து, கவனமாக | வாளைப் படிக்க விரும்புகிறவர் |
| அலகில்லாத கோஷிராயே (கைப்பிடி, உறை முதலியவை) | சில பத்தாயிரம் யென்னிலிருந்து | மரத்துண்டு | அசல் வேலைப்பாடு | பட்டுக்கும் அரக்குக்கும் மட்டும் | நாடாவையும் அணிகலனையும் நேசிப்பவர் |

## சுவர் அலங்கார வாள்

இணையக் கடைகளில் மூன்று தட்டுத் தாங்கியில் பெரியது, நடுத்தரம், சின்னது என்று ஒரே நிறத்தில் வருபவை இவை. சிவப்பு, பச்சை, வெளிர் நீலம் என எந்த நிறமும் கிடைக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் அழகாகவே இருக்கும். எடோ காலத்தில் (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) சாமுராய் இடுப்பில் செருகியது கட்டானாவும் வகிசாஷி என்ற குட்டை வாளும் சேர்ந்த ஜோடி, அதாவது இரண்டு. மூன்றாகச் சேர்த்துத் தாங்கியில் வைப்பது இன்றைய கடைக்காரர்களின் ஏற்பாடு.

எவர்சில்வர் போன்ற எஃகு என்பதால் துரு பயம் அதிகம் இல்லை. தூசி தட்டினால் போதும். பிரச்சினை கைப்பிடிக்குள் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றில் அலகின் அடிப்பகுதி முழு அகலத்தோடு கைப்பிடிக்குள் போவதில்லை. மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை அலகில் பற்றவைத்து, மறுமுனையில் மரை போட்டு இறுக்கியிருப்பார்கள். நீளமான ஸ்டெயின்லெஸ் அலகு ஏற்கெனவே எளிதில் முறியக்கூடியது. அதை வேகமாக வீசினால் பற்றவைத்த இடத்தில் ஒடிந்து, அலகு மட்டும் பறந்துபோகும். இதை வீட்டில் இருக்கும் இளைஞர்களிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள். இந்த வகை வாளைச் சும்மா காற்றில் வீசிக் காட்டுவதற்குக்கூட எடுக்கக் கூடாது.

நாடா தளர்ந்தால் திரும்பச் சுற்றிக் கொடுக்கும் கலைஞர் யாரும் இதைக் கையில் எடுக்க மாட்டார். சுற்றும் கூலி வாளின் விலையைத் தாண்டிவிடும். நாடக மேடையின் பின்னணிக்கோ, விழா அலங்காரத்துக்கோ, கடையின் கண்ணாடிப் பெட்டிக்கோ என்றால் இது சரியான தேர்வு. சேகரிப்பின் தொடக்கமாக இதை வாங்க வேண்டாம். இரண்டு மூன்று வாங்கும் பணத்தைச் சேர்த்து வைத்தால் அடுத்த படிக்குப் பக்கத்தில் போய்விடலாம்.

## இயாய்தோ

வாளை உருவி, வீசி, மீண்டும் உறையில் செலுத்தும் கலையின் பெயர் இயாய்தோ (iaido). அதற்காகச் செய்யப்படும் பயிற்சி வாளின் பெயர் (iaito) ஜப்பானிய மொழியில் வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். குழப்பம் வேண்டாம் என்பதற்காகக் கலையை இயாய்தோ பயிற்சி என்றும், பொருளை இயாய்தோ என்றும் சொல்கிறேன். ஜப்பானிலேயே செய்யப்படுபவற்றின் அலகு துத்தநாகமும் அலுமினியமும் கலந்த உலோகம். அங்குள்ள வாள் சட்டம் கண்டிப்பானது என்பதால் இரும்பு சேராத உலோகத்தில் செய்கிறார்கள். காந்தம் ஒட்டாது. கூராக்க முடியாது. விளிம்பில் அலைபோல் தெரியும் ஹமோன் கோடு தோற்றத்துக்காகச் செய்தது. பல நூற்றாண்டுகளாகக் கொல்லர் ஊராக இருக்கும் கிஃபு மாநிலத்தின் செகி நகரில் இவற்றைச் செய்யும் பட்டறைகள் இருக்கின்றன.

நிறத்தை விரும்பி வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். காரணம், ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் ஆர்டரின் பேரில் செய்து தருகிறார்கள். நாடாவின் பொருள், நிறம், அகலம், உறையின் அரக்கு நிறம், உறையில் கட்டும் கயிறு, கைக்காப்பான த்சுபாவின் வடிவம் என்று ஒவ்வொன்றையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். கைப்பிடி உண்மையான பயிற்சிக்கு என்பதால் திருக்கைத் தோலும் இறுக்கமான சுற்றும் இருக்கும். அலகு துருப்பிடிக்காது என்பதால் ஈரக்காற்றுள்ள ஊருக்கும் பயமில்லை.

காத்திருக்க வேண்டும், சில மாதங்கள் கூட ஆகலாம். கூர் இல்லை என்பதற்காக விளையாட்டுப் பொருள் ஆகிவிடாது. முனை குத்தும். இன்னொரு வாளோடு மோதவோ, எதையாவது வெட்டவோ கூடாது. கலவை உலோகம் அதைத் தாங்காது. பழைய வாள்களுக்கான உச்சிகோ என்ற கல்பொடியை இதன்மேல் தட்டாதீர்கள், மேல்பூச்சில் கீறல் விழும். மெல்லிய துணியால் துடைத்து, தேவைப்பட்டால் துளி எண்ணெய். அவ்வளவுதான் வேலை.

மறுவிற்பனையில் பெரிய விலை கிடைக்காது. உங்கள் கை அளவுக்கும் உயரத்துக்கும் செய்ததை இன்னொருவர் அதே விலைக்கு வாங்க மாட்டார். இதை முதலீடாக நினைக்காதவர்களுக்கு, ஐந்து வகையிலும் நிம்மதியானது இதுவே.

## கார்பன் எஃகு வாள்

உலகச் சந்தையில் 'உண்மையான கட்டானா' என்று விற்கப்படும் புதிய வாள்களில் மிகப் பெரும்பகுதி சீனாவின் செச்சியாங் மாகாணத்திலுள்ள லோங்சுவான் நகரிலிருந்து வருகிறது. அந்த ஊருக்கும் வாள் செய்யும் நீண்ட மரபு உண்டு. ஆகவே 'சீனத் தயாரிப்பு' என்பதையே குறையாகப் பேசுவது சரியில்லை. 1045, 1060, 1095 என்ற எண்கள் எஃகில் உள்ள கார்பனைச் சொல்கின்றன: 1060 என்றால் சுமார் 0.60 சதவீதம். கார்பன் கூடினால் விளிம்பு கடினமாகும், தவறாக வெட்டினால் முறியும் வாய்ப்பும் கூடும். தொடங்குகிறவருக்கு 1060 பொறுத்துப்போகும் எஃகு.

இந்த வகையில் அலகுக்குத்தான் பணம் போகிறது, கைப்பிடிக்கு அல்ல. நடுத்தர விலையில்கூடத் திருக்கைத் தோலை முழுவதும் சுற்றாமல் இரண்டு பக்கமும் பட்டையாக ஒட்டியிருப்பார்கள். பருத்தி நாடா முதலில் இறுக்கமாக இருக்கும், சில மாதத்தில் தளரும். வாங்கும்போதே மறுசுற்றுக்கான பணத்தை ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று, விளிம்பில் தெரியும் கோடு அமிலத்தால் வரைந்ததா, உண்மையாகவே விளிம்பை மட்டும் கடினமாக்கியதால் வந்ததா என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் இருந்தால் வரைந்தது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

சுருட்டிய கோரைப்பாயை வெட்டும் தமெஷிகிரி பயிற்சியை ஆசிரியரிடம் கற்கிறவருக்கு இதுவே சரியான கருவி. வெறும் அலங்காரத்துக்காக இதை வாங்கினால் மூன்று அடி நீளக் கத்தியை வரவேற்பறையில் திறந்து வைத்ததாக ஆகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டுப் போட்ட பீரோ கட்டாயம், அங்கே காட்சிக்கு வைக்கும் நோக்கமே போய்விடுகிறது. கைப்பிடியை அலகோடு பிணைக்கும் மெகுகி என்ற சின்ன மூங்கில் ஆணியையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அது சுருங்கித் தளர்ந்தால் வீசும்போது அலகு கைப்பிடியை விட்டுக் கழன்றுவிடும்.

## பழைய ஜப்பானிய வாள்

இதைப் பற்றிப் பேசும்போது என் குரல் தானாகவே தணியும். தமஹகனே என்ற எஃகை மடித்து மடித்து அடித்து, களிமண் பூசி, நீரில் தோய்த்துச் செய்தவை. அந்த எஃகை இன்றும் ஷிமானே மாநிலத்தின் ஒகுஇசுமோ பகுதியிலுள்ள தத்தாரா உலையில் உருக்குகிறார்கள். 1977 முதல் அந்த உலையை நடத்துவது ஜப்பானியக் கலை வாள்கள் பாதுகாப்புச் சங்கம். 1948-இல் தொடங்கிய அதே சங்கம்தான் பழைய வாள்களைப் பரிசோதித்து ஹோசோன், தொகுபேத்சு ஹோசோன், ஜூயோ, தொகுபேத்சு ஜூயோ என்ற நான்கு படிகளில் சான்றிதழ் தருகிறது. தொடங்குகிறவர் முதல் படிச் சான்றிதழ் உள்ள வகிசாஷியைத் தேடுவது நல்லது. கட்டானாவைவிடச் சிறியது, பொதுவாக விலையும் குறைவு.

ஜப்பானில் ஒவ்வொரு வாளுக்கும் பதிவு அட்டை உண்டு. பதிவு வாளுக்கு உரியது, உரிமையாளருக்கு அல்ல. நாட்டை விட்டு வெளியே கொண்டுவரக் கலாசார முகமையின் ஏற்றுமதி அனுமதி வேண்டும், பதிவு அட்டையைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். நல்ல கடைக்காரர் இதையெல்லாம் தானே செய்து தருவார். நேரமும் கட்டணமும் ஆகும்.

மறைந்த செலவுகளில் பெரியது மெருகு. ஜப்பானியக் கல்மெருகு பல வருடம் கற்றவர் செய்வது. கூலியை அலகின் நீளத்தை அளந்து, மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். துருவோடு மலிவாகக் கிடைத்த அலகுக்கு மெருகு போடும் செலவில் நல்ல நிலையிலுள்ள வேறொன்றையே வாங்கிவிடலாம். உள்ளூரில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். சில நிமிடத்தில் நூற்றாண்டுகளின் வேலை தேய்ந்து போகும். கைப்பிடிக்குள் இருக்கும் அலகின் வாலில் படிந்த கருந்துருவையும் தொடக் கூடாது. அந்தத் துருவின் நிறத்தையும், அதன்மேல் கொல்லர் வெட்டிய பெயரையும் பார்த்துத்தான் வாளின் வயதைக் கணிக்கிறார்கள்.

நாடா விஷயத்தில் இந்த வகை ஏமாற்றமும் தரும். பல பழைய அலகுகள் ஷிராசாயா என்ற வெறும் மர உறையில்தான் வரும். நாடாவும் இல்லை, அணிகலனும் இல்லை. அலகைப் பாதுகாக்க அதுதான் நல்லது. ஆனால் நிறத்துக்காக வந்தவர் திறந்து பார்த்ததும் திகைத்துப்போவார்.

இரண்டாம் உலகப் போர்க்கால அதிகாரி வாள்களும் சந்தையில் உண்டு. அவற்றில் வண்ணம் கைப்பிடியைவிடக் குஞ்சத்தில் இருக்கிறது. தரைப்படையில் கீழ்நிலை அதிகாரிக்குப் பழுப்பும் நீலமும், நடுநிலைக்குப் பழுப்பும் சிவப்பும், தளபதிக்குத் தங்க நிறம் சேர்ந்தது. பல அலகுகள் ஆலைத் தயாரிப்பு. போர் வரலாறு சேகரிப்பவருக்கே பொருத்தம்.

## அலகில்லாத கோஷிராயே

கடைசியாகச் சொல்வதால் இதைக் குறைவாக எண்ண வேண்டாம். நாடாவையும் அணிகலன்களையும் உண்மையிலேயே நேசிப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

கோஷிராயே என்பது வாளின் உடை: கைப்பிடி, நாடா, த்சுபா, உறை, உறைக்கயிறு எல்லாம் சேர்ந்தது. அலகு ஷிராசாயாவுக்குப் போய்விட்டால் இந்த உடை வடிவம் கெடாமல் இருக்க, அலகின் வடிவில் செதுக்கிய த்சுனாகி என்ற மரத்துண்டை உள்ளே வைப்பார்கள். அந்த நிலையிலேயே ஜப்பானியப் பழம்பொருள் கடைகளில் தனியாக விற்கிறார்கள். எடோ காலக் கலைஞர் செதுக்கிய கைப்பிடி மூடி, நாடாவுக்கு அடியில் பாதி மறைந்து நிற்கும் மெனுகி உருவங்கள், பல அடுக்கு அரக்கு உறை எல்லாம் உங்கள் கைக்கு வரும். கூரான உலோகம் இல்லை, அலகுத் துருவும் இல்லை. அலகே இல்லாத பொருள் என்பதால் சட்டச் சிக்கலும் பெரும்பாலும் குறைகிறது. பார்சலின் வடிவத்தைக் கண்டு சுங்கத்தில் திறந்து பார்க்கக்கூடும், ஆகவே 'மர அலகு' என்று விவரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நிறமும் நாடாவும்தான் ஆசை என்றால் இதோமகி-நோ-தாச்சி (தாச்சி என்பது இடுப்பில் தொங்கவிடும் வாள்) வகைக் கோஷிராயேயைத் தேடிப் பாருங்கள். அதில் கைப்பிடியில் சுற்றிய அதே நாடா உறையின் மேல்பாதி வரை தொடரும். இடுப்பில் தொங்கும்போது கவசம் உரசி அரக்கு தேயாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. சுற்றின் அடியில் பொன்னிழை ஜரிகைத் துணி தெரியும். டோக்கியோவின் ரியோகொகுவில் 2018-இல் புது இடத்துக்கு வந்த ஜப்பானிய வாள் அருங்காட்சியகத்துக்கோ, ஒகாயாமா மாநிலத்தின் ஒசாஃபுனே வாள் அருங்காட்சியகத்துக்கோ போகிறவர்கள் அலகோடு நிற்காமல் கோஷிராயேகளின் முன்னும் நேரம் செலவிடுங்கள்.

குறை ஒன்று உண்டு. வெவ்வேறு வாள்களின் உதிரிகளைச் சேர்த்துக் கட்டியவை சந்தையில் நிறைய. கைப்பிடியின் இரு முனை மூடிகளும் ஒரே வேலைப்பாடா, நாடா புதிதா பழையதா என்று கேட்டே வாங்குங்கள்.

## நாடா: பட்டு, பருத்தி, தோல், செயற்கை

பட்டுதான் அழகு. சாயத்தை ஆழமாக ஏற்கும், இறுக்கினால் அழகாகப் படியும். வெயிலும் வியர்வையும் அதற்கு எதிரிகள். தினமும் பயிற்சி செய்கிறவர் கையில் சில வருடத்தில் மேல்நூல் தேய்ந்து பிசிறு கிளம்பும். காட்சிக்கு என்றால் தயங்காமல் பட்டு.

பருத்தி மலிவு. கைக்குப் பிடிமானம் உண்டு. ஆனால் வியர்வையை உறிஞ்சி அழுக்கேறும், நாளடைவில் தளரும். தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றது.

தோல், அதிலும் சொரசொரப்பான உட்பக்கம் வெளியே வரும்படி சுற்றிய மாட்டுத்தோல், பயிற்சியாளர்களின் விருப்பம். நழுவாது, நீடிக்கும். ஈரக்காற்றில் பூஞ்சை பூக்கும் என்பதால் மூடிய பீரோவில் வைக்கக் கூடாது. நிறத் தேர்வும் கருப்பு, பழுப்பு என்று குறுகியது. செயற்கை நாடா பளபளக்கும், வழுக்கும். அலங்கார வாளுக்கு அது போதும்.

நிறத்துக்கு வருவோம். சிவப்பு வீரம், ஊதா அரசம் என்று விற்பனைக் குறிப்புகளில் வரும் பட்டியல்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். சாமுராய்களுக்குள் அப்படி ஒரு பொது நிறவிதி கிடையாது. எடோ காலத்தில் கோட்டைக்குள் முறையான உடையில் போகும்போது மட்டும் கருப்பு அரக்கு உறை, வெள்ளைத் திருக்கைத் தோல், கருப்பு நாடா, கொம்பாலான முனைமூடி என்ற கட்டுப்பாடு இருந்தது. மற்ற வேளைகளில் அவரவர் வசதியும் ரசனையும்தான்.

நடைமுறையாகப் பார்த்தால் வெள்ளையும் வெளிர்மஞ்சளும் சீக்கிரம் அழுக்காகும். சிவப்பும் ஊதாவும் வெளிச்சத்தில் முதலில் வெளிறும். கருநீலமும் பழுப்பும் வயதை அழகாக ஏற்கும். பழைய பொருளில் கருப்புப் பட்டு நாடாவைக் கவனியுங்கள். இரும்பு கலந்த பழைய கருப்புச் சாயம் பட்டு நூலை உள்ளிருந்தே நொறுக்கிவிடும், தொட்டால் தூளாக உதிர்வதும் உண்டு.

நிறத்தை அடிக்கடி மாற்றிப் பார்க்க ஆசையா? கைப்பிடியை விட்டுவிடுங்கள். உறையில் கட்டும் சாகெயோ கயிற்றை மாற்றுங்கள். பட்டில் பின்னியதே பல நிறங்களில் கிடைக்கும், வாளைப் பிரிக்க வேண்டாம், முடிச்சைக் கற்றுக்கொண்டால் நீங்களே கட்டிவிடலாம். கருப்புக் கைப்பிடிக்கு அடர் சிவப்புச் சாகெயோ ஒன்றைக் கட்டினாலே முழு வாளும் வேறொன்றாகத் தெரியும்.

## வீட்டில் பேணுவது

கட்டானாவைத் தாங்கியில் படுக்கையாக, விளிம்பு மேல்நோக்கி வையுங்கள். தாச்சிக்கு விளிம்பு கீழ்நோக்கி. ஜன்னல் வெயில், ஏசியின் நேர்க்காற்று, சமையலறைச் சுவர் மூன்றும் வேண்டாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றிரண்டு போதும். காற்று அதிகமாக வறண்டால் மர உறை சுருங்கிப் பிளக்கும்.

எஃகு அலகுக்குப் பழைய எண்ணெயைத் தூய ஆல்கஹால் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, புதிய எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகப் பூச வேண்டும். ஜப்பானில் சோஜி எண்ணெய் என்ற கிராம்பு மணமுள்ள எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாளடைவில் பிசுக்காகிக் கெட்டுவிடும் என்பதால் அவற்றைத் தொடாதீர்கள். கடலோரத்தில் மாதம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எண்ணெய் அதிகமானால் வழிந்து கைப்பிடிக்குள் இறங்கும், மரம் ஊறும், உள்ளிருந்து நாடாவில் கறை தெரியும். கைப்பிடி ஓரத்தில் வரும் பல கறைகளுக்கு இதுதான் காரணம்.

நாடாவுக்குத் தண்ணீர், சோப்பு, எண்ணெய் எதுவும் கூடாது. மென்மையான தூரிகையால் சாய்சதுரங்களின் மூலைகளில் சேரும் தூசியை எடுங்கள். பட்டும் தோலும் சோற்றுப் பசையும் சேர்ந்த பொருள் என்பதால் பூச்சிகள் தேடி வரும். மாதம் ஒருமுறை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தால் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

## நாடா பிரிந்தால்: மறுசுற்றா, அப்படியேவா?

கார்பன் எஃகு வாளிலோ இயாய்தோவிலோ பிரிந்தால் தயங்க வேண்டாம், சுற்றக் கொடுங்கள். தளர்ந்த நாடாவோடு வாளை வீசுவது ஆபத்து. தேர்ந்த கலைஞரின் கூலி நூற்றுக்கணக்கான டாலராக இருக்கும், பட்டு என்றால் இன்னும் கூடும். அந்தச் செலவில் நிறத்தையும் மாற்றிக்கொள்ளலாம். முந்தைய சுற்றில் காகிதம் இல்லாமல் இருந்திருந்தால், இந்த முறை காகித மடிப்போடு சுற்றச் சொல்லுங்கள்.

பழைய கோஷிராயே என்றால் வேறு பேச்சு. ஓரிரு இடத்தில் தேய்ந்திருந்தாலும் அசல் நாடா அந்தப் பொருளின் வரலாற்றில் ஒரு பகுதி, அதை அவிழ்த்தால் திரும்பி வராது. பிரிந்த முனையை ஒட்டுப் பசையால் ஒட்டாதீர்கள், பின்னால் பிரிக்க வருபவர் திருக்கைத் தோலையும் சேர்த்தே கிழிக்க நேரும். மெல்லிய பருத்தி நூலால் தளர்ந்த இடத்தை மேலிருந்து கட்டி நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்துத் தூக்காமல் உறையைத் தாங்கியே எடுத்து வையுங்கள். நாடா முழுவதும் நொறுங்கி மெனுகி உருவங்கள் விழும் நிலை வந்தால் மட்டும் மறுசுற்று. அப்போதும் பழைய நாடாவின் ஒரு துண்டையும், பிரிப்பதற்கு முன் எடுத்த படங்களையும் பொருளோடு சேர்த்து வையுங்கள். புதிய நாடாவைப் பழையதன் நிறத்திலும் அகலத்திலுமே சுற்றச் சொல்லுங்கள்.